டர்பன் கிச்சனில் பிஸ்கட் தின்னப் பழகுவது எப்படி?

ரஸ்க் என்ற பெயரைக் கேட்டு ஏமாந்தேன். கோவில்பட்டியில் ரஸ்க் என்றால் ரொட்டித் துண்டைச் சுட்டு எடுத்த லேசான சமாச்சாரம். கடித்தால் பொரபொரவென்று உதிரும், காய்ச்சல்காரருக்குக்கூடக் கொடுப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த் பக்கம் குடியேறிய மறுநாள் காலை, வீட்டுக்கார ஆன்ட்டி ஒரு மக் டீயும் தட்டில் இரண்டு ரஸ்க்கும் கொண்டுவந்து வைத்தார். துணி சோப்பை நெடுக்காக இரண்டாக அறுத்து வைத்தது போல இருந்தது ஒவ்வொன்றும். நல்ல பசி. கடித்தேன். ரஸ்க் உடையவில்லை. கடைவாய்ப் பல்லில் ஊரிலேயே அடைத்துக்கொண்டு வந்திருந்த சிமெண்ட்தான் உடைந்தது.

கிச்சன் மூலையில் ஆன்ட்டியின் அம்மா உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர், எல்லாருக்கும் ஆயா. "இன்னாடி புள்ள, அத்த போய் அப்பிடியே கடிக்கிற? முக்கித் தின்னு" என்றார். இங்குள்ள தமிழர்கள் பலரின் முன்னோர் 1860க்குப் பிறகு கரும்புத் தோட்ட வேலைக்கு மதராஸில் கப்பலேறியவர்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர்கள் அதில் நிறைய. பேரப்பிள்ளைகள் இங்கிலீஷ்தான் பேசுகிறார்கள். ஆயாமாரின் வாயில் மட்டும் அந்தத் தமிழ் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. எனக்குப் பிஸ்கட் தின்னக் கற்றுக்கொடுத்தது அந்தத் தமிழ்தான்.

வேலைக்கோ, படிப்புக்கோ, கோயில் பணிக்கோ, கல்யாணமாகியோ தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வருபவர்கள் என் பல்லின் கதியைப் படாமலிருக்க இதை எழுதுகிறேன். வரிசையாகப் பழகுங்கள். எடுத்த எடுப்பில் ரஸ்க்குக்குப் போக வேண்டாம்.

முதலில் எந்த அறை என்று பாருங்கள்

இங்கே ஒரு வீட்டில் பிஸ்கட்டை இரண்டு விதமாகத் தின்பார்கள். முன்னறையில், அவர்கள் பாஷையில் லௌஞ்சில், சாஸருடன் கப் வரும். தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்து, முக்காமல், நக்காமல், பிரிக்காமல், சாஸர் ஓரத்தில் வைத்துக் கடித்துச் சாப்பிட வேண்டும். கிச்சனில் மக் வரும். அங்கே எதையும் எப்படியும் தின்னலாம். முக்கலாம், பிரிக்கலாம், பல்லால் சுரண்டலாம், கரண்டியால் அள்ளலாம். உங்களை லௌஞ்சில் உட்கார வைக்கிற வரைக்கும் நீங்கள் விருந்தாளி. "கிச்சனுக்கு வா" என்று கூப்பிட்ட பிறகுதான் இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் செய்து பார்க்கலாம்.

கடையில் என்ன வாங்குவது

செக்கர்ஸ், ஸ்பார், பிக் அண்ட் பே எதில் நுழைந்தாலும் பிஸ்கட்டுக்கென்று ஒரு முழு வரிசை இருக்கும். மலைத்துப் போகாதீர்கள். முதல் வாரத்துக்கு மேரி, டென்னிஸ், லெமன் க்ரீம்ஸ் மூன்றும் போதும். இரண்டாம் வாரம் ரொமானி க்ரீம்ஸும் ப்ரோவிட்டாவும். ரஸ்க் மூன்றாம் வாரம்.

டென்னிஸ் பிஸ்கட் என்ற பெயரைப் பார்த்துப் பந்து மாதிரி உருண்டையாக இருக்கும் என்று தேடாதீர்கள். சதுரமாக, மெல்லிசாக, தேங்காயும் வெண்ணெயும் மணக்கும். பேக்கர்ஸ் கம்பெனி 1911 முதல் செய்துவருகிறது. இந்த நாட்டில் வெள்ளைக்காரர், கறுப்பர், நம்மவர் என்ற பேதமில்லாமல் எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கும் பிஸ்கட் இதுதான். தூத்துக்குடி மக்ரூன் பக்கத்தில் வளர்ந்த எனக்கு முதல் கடியிலேயே பிடித்துவிட்டது.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கத்தையும் இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். புரட்டாசி மாதம் முழுக்க இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல கறி, மீன், முட்டை தொடுவதில்லை. காவடிக்கு முந்தைய விரத நாள்களிலும் அப்படித்தான். பொருள் பட்டியலில் ஜெலட்டின் என்று இருந்தால் அது மாட்டு எலும்பு, தோலிலிருந்து வந்ததாக இருக்கலாம். மார்ஷ்மெல்லோ வைத்த எதையும் சந்தேகத்தோடே பாருங்கள். ஹலால் முத்திரை பாக்கெட்டில் இருப்பதை சைவத்துக்கான அடையாளம் என்று புதிதாக வருபவர்கள் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஹலால் முறையில் அறுத்த மாட்டின் ஜெலட்டினும் ஹலால்தான், மறக்க வேண்டாம். கேக் வாங்கும்போது முட்டையில்லாதது வேண்டுமென்று கேளுங்கள்; டர்பனில் நம்மவர் பேக்கரிகளில் அது சாதாரணமாகக் கிடைக்கும்.

டீ

டம்ளர், டபரா எல்லாம் உள்ளே இருக்கட்டும். அகலமான வாயுள்ள மக் வேண்டும். ரஸ்க் படுக்கை வசத்தில் இறங்குகிற அளவு அகலமாக இருந்தால் உத்தமம். முக்கால் மக்குக்கு மேல் டீ ஊற்றாதீர்கள், பிஸ்கட் இறங்கும்போது மேலே ஏறி வழியும்.

பால் சேர்த்து, ஏலக்காயும் இஞ்சியும் தட்டிப் போட்டு அடுப்பில் கொதிக்க வைக்கும் டீ இங்கேயும் உண்டு. அவசரத்துக்குப் பையை முக்கி எடுக்கும் டீயும் உண்டு. ரூயிபோஸ் என்று செம்பழுப்பு நிறத்தில் ஒன்று கொடுப்பார்கள். அது தேயிலையே இல்லை. மேற்குக் கேப் மாகாணத்தின் செடர்பெர்க் மலைப்பக்கத்தில் விளையும் ஒரு புதர்ச்செடி. காஃபீன் கிடையாது, ராத்திரி குடித்தாலும் தூக்கம் கெடாது. ராத்திரி பத்து மணிக்கு ரஸ்க் தின்ன நினைப்பவர்களுக்கு அதுதான் சரி.

சூடு முக்கியம். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல் ஃப்ளாஸ்க்கில் ஊற்றி வைத்த டீயைத்தான் பாதி நாள் குடித்தோம். ஆறிய டீயில் பிஸ்கட் ஊற இரண்டு மடங்கு நேரம் ஆனது. கொதிக்கக் கொதிக்க இருந்தாலோ எண்ணி முடிப்பதற்குள் கரைந்துபோகும். வாய் பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும்.

மேரியில் கை பழகுங்கள்

மேரி நமக்குத் தெரிந்ததுதான். 1874இல் ரஷ்ய இளவரசி மரியாவுக்கும் இங்கிலாந்து ராணியின் மகனுக்கும் நடந்த கல்யாணத்துக்காக லண்டனில் பீக் ஃபிரீன்ஸ் கம்பெனி செய்தது. அந்த மரியாதான் மேரி. கோவில்பட்டி டீக்கடையிலும் டர்பன் கிச்சனிலும் அதே வட்டம், ஓரத்தில் அதே கோலம்.

ஊரில் முக்குவது போல நட்டக்குத்தலாக இறக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் டீ ஏறி நடுவில் சந்தித்துவிட்டால், பிஸ்கட்டுக்குள் மாவைப் பிடித்து வைத்திருக்கும் சர்க்கரை முழுக்கக் கரைந்துவிடும். பாதி பிஸ்கட் உள்ளே விழும். ஓரத்தைப் பிடித்து, கிட்டத்தட்டப் படுக்கை வசத்தில், அடிப்பக்கம் மட்டும் டீயைத் தொடும்படி வையுங்கள். மேல்பக்கம் காய்ந்தே இருக்க வேண்டும். அந்தக் காய்ந்த பக்கம்தான் ஊறிய பக்கத்தைத் தாங்கும். எடுக்கும்போது திருப்பி, ஊறின பக்கம் மேலே இருக்கும்படி வாய்க்குக் கொண்டுபோங்கள்.

இது ஆயாவின் கண்டுபிடிப்பு என்று நான் பல நாள் நம்பியிருந்தேன். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் லென் ஃபிஷர் இதையே கணக்குப் போட்டுச் சொல்லி, 1999இல் இக் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார். சிரிக்க வைத்துவிட்டு யோசிக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கும் பரிசு அது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத்தான் பிஸ்கட்டின் நுண்ணிய துளைகளில் டீ ஏறுகிறது. இரண்டு மடங்கு தூரம் ஏற நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். அதனால் முதல் இரண்டு நொடியில் சரசரவென்று ஏறுவது, பிறகு நிதானமாகிவிடும். அந்த நிதானத்தைப் பார்த்து "இன்னும் கொஞ்சம்" என்று ஆசைப்படுகிற நேரத்தில்தான் பிஸ்கட் விழும். மேரிக்கு மூன்று எண்ணுங்கள். எடுத்துவிடுங்கள்.

கை பழகிய பிறகு இரண்டு மேரிக்கு நடுவில் வெண்ணெய் தடவி, ஒன்றாக ஒட்டி முக்கிப் பாருங்கள். வெண்ணெய் டீயை உள்ளே விடாது. வெளிப்பக்கம் ஊறி, நடுவில் கரகரப்பு நிற்கும். டீயில் எண்ணெய்க் கண்கள் மிதக்கும். கண்டுகொள்ளாதீர்கள்.

டென்னிஸ்

சதுரத்தின் மூலையைத்தான் முதலில் இறக்க வேண்டும். இரண்டு எண்ணினால் போதும். மேரியைவிட இதில் வெண்ணெயும் சர்க்கரையும் அதிகம், சட்டென்று இளகும். நான்கு மூலையும் முடிந்தால் கையில் சின்னதாக ஒரு கூட்டல்குறி மாதிரி மிஞ்சும். எங்கள் ஆன்ட்டியின் மகன் அதை முக்காமல் கடைசியில் அப்படியே வாயில் போடுவான். ஏனென்று கேட்டால் "அதுதான் முறை" என்பான். இப்போது நானும் அப்படித்தான்.

காலையில் நேரமில்லாத நாளில் நாலைந்து டென்னிஸைக் கிண்ணத்தில் நொறுக்கிச் சூடான பாலை ஊற்றி, அரை நிமிஷம் விட்டுக் கரண்டியால் சாப்பிடுங்கள். வாழைப்பழம் இருந்தால் நறுக்கிப் போடலாம். தேங்காய்ப்பால் ஊற்றிய ஆப்பத்தின் நடுப்பகுதியை நினைவுபடுத்தும் ஒரு ருசி.

பிராய் என்று இங்கே ஒன்று உண்டு. முற்றத்தில் கரியடுப்பு மூட்டிக் கறி சுடுவது. யாராவது கூப்பிட்டால் அவசியம் போங்கள். நெருப்பு தணிந்த பிறகு பிள்ளைகள் மார்ஷ்மெல்லோவைக் குச்சியில் குத்திச் சுட்டு, இரண்டு டென்னிஸுக்கு நடுவில் வைத்து அமுக்குவார்கள். ஜெலட்டின் விஷயத்தை மேலே சொல்லிவிட்டேன். சைவக்காரர்கள் அதே நெருப்பில் ஒரு துண்டு சாக்லேட்டை இளக்கி நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

ரஸ்க்

இப்போது வரலாம்.

ஓமா என்பது இங்கே பேர்போன ரஸ்க். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ஓமா என்றால் பாட்டி. கிழக்குக் கேப்பில் மோல்டெனோ என்ற சின்ன ஊரில் 1939இல் எலிசபெத் ஆன் கிரேவென்ஸ்டெய்ன் என்ற பெண்மணி தொடங்கியது. உலகப் பெருமந்தத்துக்குப் பிறகு ஊரே கஷ்டத்தில் இருந்த காலம். தேவாலயத்துப் பாதிரியார் ஊர்ப் பெண்களுக்கு ஆளுக்கு அரை க்ரவுன் நாணயம் முதலாகக் கொடுத்து ஏதாவது தொழில் செய்யச் சொல்ல, அந்தக் காசில் தன் வீட்டு ரஸ்க்கைச் சுட்டு விற்றிருக்கிறார். ரொட்டி மாதிரி சுட்டு, நீளத் துண்டுகளாகப் பிய்த்து, மறுபடி குறைந்த சூட்டில் பல மணி நேரம் காய வைப்பார்கள். ஈரமே இருக்காது. மாட்டு வண்டியில் மாதக்கணக்கில் பயணம் போன காலத்துச் சாப்பாடு. நம் அவல், சத்துமாவு வகையறா என்று வைத்துக்கொள்ளுங்கள். நனைக்காமல் தின்னவென்று அதைச் செய்யவே இல்லை.

முக்குவதற்கு ஆஃப்ரிகான்ஸில் 'டூப்' என்பார்கள். ஞானஸ்நானத்துக்கும் அதே சொல்தான். எவ்வளவு பயபக்தியோடு செய்ய வேண்டும் என்பது இதிலேயே தெரியும்.

இடது கையில் மக். அது வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், தாடைக்குக் கீழே இருக்கட்டும். மேஜையில் வைத்துவிட்டுக் குனியாதீர்கள். வலது கையில் ரஸ்க். இதை நட்டக்குத்தலாக இறக்கலாம். கனமான சாமான், மேரி மாதிரி துவளாது. மூன்றில் ஒரு பங்கு மட்டும் உள்ளே போகட்டும். சின்னக் குமிழிகள் ஏறும், பாருங்கள். காற்று வெளியேறி டீ உள்ளே போகிறது. குமிழி வேகமாக வரும்வரை பொறுங்கள். அது ஒன்றிரண்டாகக் குறையும் நேரத்தில் எடுங்கள். எண்ணிக்கையைவிட இந்தக் குமிழிக் கணக்கு நம்பகமானது. எண்ணித்தான் தீர வேண்டுமென்றால் ஐந்து.

எடுத்ததும் ஒரே ஒரு உதறல். சொட்டு நிற்கட்டும். உடனே கடித்துவிட வேண்டும், நனைந்த இடத்துக்கும் நனையாத இடத்துக்கும் நடுக்கோட்டில். முழுக்க நனைந்த பகுதி கஞ்சி மாதிரி இருக்கும், நனையாதது கல். எல்லைக்கோட்டில் இரண்டும் சேரும். அந்த ஒரு கடிக்காகத்தான் இந்தப் பாடெல்லாம். கடிக்கும்போது மக் கீழேயே இருக்கட்டும், ஏனென்றால் விழும். பழகியவர்களுக்கும் விழும்.

விழுந்தால் என்ன செய்வது? கையை விட்டு எடுக்கப் போகாதீர்கள். கரண்டி தேடி ஓடவும் வேண்டாம். கையில் இருக்கும் மிச்ச ரஸ்க்கின் காய்ந்த முனையால் அதை மக்கின் ஓரத்துக்குத் தள்ளி, சாய்த்து, டீயோடு சேர்த்துக் குடித்துவிடுங்கள். இதையும் ஆயாதான் செய்து காட்டினார். ஒரு சாவு வீட்டில், பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் டீ குடிக்கும்போது என் ரஸ்க் முழுக்க உள்ளே விழுந்தது. டொபுக்கென்று சத்தம். வெள்ளைப் புடவை மேலெல்லாம் டீ. அது லௌஞ்ச். முக்கியிருக்கவே கூடாது என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

க்ரீம் வைத்தவை

லெமன் க்ரீம்ஸை அப்படியே கடிக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை.

மேல் பிஸ்கட்டை வலப்பக்கம், கீழ் பிஸ்கட்டை இடப்பக்கம், டப்பா மூடி திறப்பது போல மெதுவாகத் திருகுங்கள். இழுத்தால் உடையும். க்ரீம் பாதிப்பாதியாகப் பிரிந்து வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் ஒரே பக்கத்தில் தங்கிவிடும். 2022இல் எம்.ஐ.டி ஆய்வாளர்கள் ஓரியோ பிஸ்கட்டைக் கருவியில் வைத்துத் திருகித் திருகிப் பார்த்து இதையே கண்டார்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி இல்லை, அமெரிக்காவில் இருப்பது. எவ்வளவு நிதானமாகத் திருகினாலும் க்ரீம் ஒரு பக்கமே நிற்கிறதாம். அது நம் கைக்கோளாறு இல்லை என்று தெரிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி.

க்ரீம் இல்லாத பாதியை முதலில் டீயில் முக்கித் தின்றுவிடுங்கள். க்ரீம் உள்ள பாதியைக் கீழ்ப்பல் வரிசையால் ஒரே இழுப்பில் சுரண்டுவது ஒரு வழி. எனக்குப் பிடித்தது வேறு: இரண்டு லெமன் க்ரீம்ஸைத் திருகி, க்ரீம் உள்ள இரண்டு பாதியையும் முகத்தோடு முகம் ஒட்டி ஒன்றாக்கி, கடைசியாகத் தின்பது.

ரொமானி க்ரீம்ஸ் திருகலுக்கு ஒத்துவராது. கரடுமுரடான சாக்லேட் தேங்காய் பிஸ்கட் இரண்டு, நடுவில் சாக்லேட். திருகினால் கையில் பொடிதான் மிஞ்சும். டர்பன் வெயிலில் நடுச் சாக்லேட் இளகிவிடும் என்பதால் ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, சில்லென்று எடுத்து, சூடான டீ ஒரு மடக்கு வாயில் இருக்கும்போதே கடியுங்கள். டீயில் முக்க வேண்டாம், வாயிலேயே நடக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. கிச்சன் மேஜையில் துனி ஆடும்போது க்ரீம் பிஸ்கட்டைத் தொடக் கூடாது. துனி என்பது டர்பன் நம்மவர்களின் சீட்டாட்டம். 'தண்ணி'தான் துனி ஆனது என்பார்கள். அதில் ஜாக்தான் பெரிய சீட்டு, 30 புள்ளி. லெமன் க்ரீம் பட்ட விரலால் ஜாக்கைத் தொட்டால் பின்பக்கத்தில் எண்ணெய்க் கறை விழும். அப்புறம் அந்தச் சீட்டு யார் கையில் இருக்கிறது என்று மேஜைக்கே தெரியும். வேண்டுமென்றே செய்தாய் என்று ஒரு மாமா என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. துனிக்கு மேரிதான்.

புழு பிழிவது

பெரியவர்களுக்கு அருவருப்பு, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ப்ரோவிட்டா என்பது கோதுமையில் செய்த உப்பு பிஸ்கட். நீளசதுரம், வரிசை வரிசையாகத் துளை. வேகும்போது ஆவி வெளியேறி மாவு உப்பாமலிருக்கத்தான் பிஸ்கட்டுகளில் துளை போடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அது வேறு வேலைக்கு.

ஒரு ப்ரோவிட்டாவில் இளகின வெண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள். மேலே மார்மைட். இன்னொன்றை மூடி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அமுக்குங்கள். துளை வழியாக வெண்ணெயும் மார்மைட்டும் புழுப்புழுவாக நெளிந்து வரும். நாக்கால் வழித்துவிட்டு மறுபடி அமுக்குங்கள். ஆன்ட்டியின் பேரன் முதல்முறை காட்டியபோது நான் முகத்தைச் சுளித்தேன். ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, "முறுக்கு அச்சுல மாவு வரல? அத்த மாதிரிதான்" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அது புழுவாகத் தெரியவில்லை, தேன்குழலாகத்தான் தெரிகிறது.

மார்மைட் ஈஸ்டில் செய்வது, கருப்பாக, உப்புக்கரிக்கும். அதன் பக்கத்திலேயே போவ்ரில் என்று அதே மாதிரி குட்டி பாட்டிலில் இன்னொன்று இருக்கும். பெயரின் பாதி மாட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் பாட்டிலை மாற்றி எடுத்துவிட வேண்டாம்.

பெப்பர்மிண்ட் கிறிஸ்ப்

இது பிஸ்கட் இல்லை, சாக்லேட். ஆனால் இல்லாமல் இந்தப் பாடம் முடியாது. உள்ளே பச்சை நிறத்தில் புதினா மணக்கும் சர்க்கரைக் குழல்கள் கட்டுக்கட்டாக இருக்கும், வெளியே பால் சாக்லேட். இரண்டு முனையையும் பல்லால் கடித்து எடுத்துவிட்டு, ஒரு முனையைப் பாலில் வைத்து மறுமுனையில் உறிஞ்சுங்கள். பால் அந்தக் குழல்கள் வழியாகப் புதினா வாசத்தோடு வரும். குளிர்ந்த பாலில் நிதானமாகக் குடிக்கலாம். சூடான பாலில் நாலைந்து உறிஞ்சுக்குள் குழல் கரைந்து சாக்லேட் கையில் வழியும். அப்போது முழுவதையும் வாயில் போட்டுவிட வேண்டியதுதான்.

இதே சாக்லேட்டும் டென்னிஸும் சேர்ந்தால் ஃப்ரிட்ஜ் டார்ட். அடுப்பே வேண்டாம். 200 கிராம் டென்னிஸ் பாக்கெட் ஒன்று, 360 கிராம் கேரமல் டின் ஒன்று, 250 மில்லி ஓர்லி விப் க்ரீம், மூன்று பெப்பர்மிண்ட் கிறிஸ்ப். க்ரீமை நன்றாகக் குளிர வைத்துப் பொங்க அடியுங்கள். கேரமலைத் தனியாகக் கலக்கிக் கட்டியில்லாமல் இளக்கி, க்ரீமில் சேருங்கள். நொறுக்கிய சாக்லேட்டில் முக்கால் பங்கை அதில் கலந்துவிடுங்கள். கண்ணாடித் தட்டில் டென்னிஸை நெருக்கமாக அடுக்கி, மேலே க்ரீம், மறுபடி டென்னிஸ், மறுபடி க்ரீம். மிச்சச் சாக்லேட்டை மேலே தூவி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில். க்ரீமின் ஈரத்தைப் பிஸ்கட் குடித்துக் காலையில் கேக் பதத்துக்கு வந்திருக்கும். மணிக்கணக்கில் நடக்கிற முக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டு போட்டுத் தட்டில் வைத்துத் தின்பது லௌஞ்ச் முறை. கிச்சன் முறை, எல்லாரும் தூங்கின பிறகு ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து, அந்த வெளிச்சத்தில் நின்றபடியே, ஓரத்திலிருந்து கரண்டியால். ஓரத்தை நேர்க்கோடாக வெட்டி எடுத்தால் காலையில் யாருக்கும் தெரியாது. மூலையில் குழி தோண்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

கேக்குகள், சுருக்கமாக

பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் இளஞ்சிவப்பாக, தேங்காய்ப்பூ ஒட்டிக்கொண்டு உருண்டையாக இருப்பது ஸ்நோபால். இரண்டு பாதியை ஜாமில் ஒட்டி, வெளியேயும் ஜாம் பூசித் தேங்காயில் புரட்டியது. நம் தில்பசந்த்தின் தேங்காய் வெளியே வந்துவிட்டதென்று நினைத்துக்கொள்ளுங்கள். சுத்தமாகத் தின்ன வழியில்லை. தட்டின் மேல் வைத்து இரண்டாகப் பிரித்து, ஜாம் பக்கத்தை முதலில் தின்று, உதிர்ந்த தேங்காயைக் கடைசியில் விரல் நுனியால் ஒற்றி எடுங்கள்.

ஹெர்ட்சோகி கேப்டவுன் பக்கம் அதிகம். பாதாமி, அதாவது ஆப்ரிகாட் பழ ஜாம் வைத்த குட்டிக் கிண்ணம், மேலே தேங்காய் மூடி. 1924 முதல் 1939 வரை பிரதமராக இருந்த ஹெர்ட்சோகின் பெயரில் வந்தது. மூடியைத் தனியாகக் கழற்றித் தின்றுவிட்டு, கிண்ணத்தைப் பிறகு தின்பது என் வழக்கம். சுவிஸ் ரோலைச் சுருள் பிரித்துத் தின்பதை எல்லா நாட்டிலும் செய்கிறார்கள், பாடம் தேவையில்லை.

தீபாவளிக்கு ஆன்ட்டி வீட்டில் பதினைந்து இருபது தட்டு போடுவார்கள். முறுக்கு, பர்ஃபி, சனா மகஜ் என்ற கடலைமாவு இனிப்பு, நான்கட்டாய் என்ற நெய் பிஸ்கட் எல்லாம் வைத்து அக்கம்பக்கத்தில் முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லார் வீட்டுக்கும் போகும். ஈதுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அந்த வீடுகளிலிருந்து வரும். உங்களுக்கு வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்காதீர்கள். ஒன்றுமில்லாவிட்டால் சர்க்கரையாவது போட்டுக் கொடுங்கள். தட்டில் வந்த நான்கட்டாயை மட்டும் முக்க வேண்டாம். விண்டு, துளித் துளியாக வாயில் போட்டுக் கரைய விடுங்கள். டீயில் அது ஒரு நொடிகூட நிற்காது, நெய் மட்டும் மிதக்கும்.

மண்டி

எப்படி முக்கினாலும் மக்கின் அடியில் கொஞ்சம் தங்கும். இங்கிலீஷில் ஏதேதோ பெயர் சொல்கிறார்கள். ஆயா அதை மண்டி என்பார். சிங்க்கில் கொட்டாதீர்கள், மாவு ஊறிக் குழாய் அடைத்துக்கொள்ளும். வீட்டோடு சேராமல் தனியாகக் கட்டிய எங்கள் அவுட்பில்டிங்கில் ஒரு முறை அடைத்து, ப்ளம்பருக்கு அழுத காசு எனக்குத்தான் தெரியும். பின்முற்றத்துக் கறிவேப்பிலை மரத்தடியிலும் கொட்டாதீர்கள். எறும்பு வரிசை கிச்சன் வரைக்கும் வரும். ஒரு கரண்டி சூடான டீ ஊற்றி, கலக்கி, யாரும் பார்க்காதபோது குடித்துவிடுங்கள். மக்கைக் கழுவி வையுங்கள், ஆன்ட்டி அடுத்த டீக்கு எடுப்பார்.